ஒரே கை ஓட்டிய வண்டி

அத்தியாயம் 9

"வண்டி விற்கும்போது பொய் சொல்லாதே. உண்மையைப் பாதியில் நிறுத்து."
(புரோக்கரின் பொன்மொழிகள். பொன் என்று சொன்னவனும் அவனே.)

'இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியை ஓட்டாதே. ஓட்டினால் பிரேக் மிதிக்க இடம் இருக்காது.'

மிரட்டல் கடிதம் என்றால் அதற்கு ஒரு லட்சணம் வேண்டாமா? சிவப்பு மை இல்லை, மண்டையோடு இல்லை. கோடு போட்ட காகிதத்தில், தேதி போட்டு, முற்றுப்புள்ளி வைத்து, பள்ளிக்கூடத்து விடுமுறை விண்ணப்பம் மாதிரி எழுதியிருந்தது. புரோக்கர் அதை நாலாவது தடவையாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"எழுதினவங்க நல்ல குடும்பம் மேடம். ஒரு எழுத்துப்பிழைகூட இல்ல."

"வாயை மூடிக்கிட்டு மணி என்னன்னு சொல்லு," என்றார் சர்வேயரம்மா.

"வாயை மூடிக்கிட்டு எப்படி மேடம் சொல்றது? ஒன்பது பத்து."

சர்வேயரம்மா இருபத்தைந்து வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய கார்களைப் பார்த்து, இது தானாக இடித்ததா, வேண்டுமென்றே இடித்ததா என்று எழுதிக் கொடுத்தவர். அந்த உத்தியோகத்தில் அவர் சேர்த்தது பாதி பென்ஷன், பாதி சாபம். இன்றைக்கும் எந்த மெக்கானிக் ஷெட்டிலும் அவருக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட மாட்டார்கள். ஓய்வு பெற்ற மறுமாதமே துப்பறியும் தொழிலில் இறங்கினார். உதவிக்கு வந்த புரோக்கர் பழைய கார் விற்றவன். வெள்ளத்தில் மூன்று நாள் மூழ்கிக் கிடந்த காரை 'மழையில்கூட நனையாத வண்டி' என்று விற்று, அவரிடமே மாட்டிக்கொண்டு, அவரிடமே வேலைக்குச் சேர்ந்தவன். பாம்பின் கால் பாம்பறியும் என்று அவரும் சேர்த்துக்கொண்டார்.

இப்போது இருவரும் நின்றது ரேஸ் டிராக்கின் ஓரத்துக் கொட்டகையில். பந்தயம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் இங்கே வந்து ஆசை தீர ஓட்டலாம். அதற்கு 'டிராக் டே' என்று பெயர். அப்படி ஓட்டுவதற்காகவே ஒரு பல் டாக்டரம்மா மூன்று வாரத்துக்கு முன்னால் ஓய்வு பெற்ற ரேஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். விற்றவர், ஆறு வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கி, ஊரே 'சாம்பியன்' என்று கூப்பிடும் பிரமுகர். விளம்பரத்தில் 'ஒரே கை ஓட்டிய வண்டி' என்று போட்டிருந்தது. ஒரே ஆள் ஓட்டியது, கை மாறாதது என்று அர்த்தம். இந்த நான்கு வார்த்தைகளைச் சொல்லிப் புரோக்கர் விற்ற வண்டிகளைக் கணக்குப் பார்த்தால், அந்த ஒரே கைக்கு நூற்றிருபது விரல் இருக்க வேண்டும்.

வாங்கிய பத்தாம் நாள் சாம்பியன் போன் செய்து வண்டியைத் திருப்பிக் கேட்டார். டாக்டர் மாட்டேன் என்றார். வியாழக்கிழமை அவர் கிளினிக்கின் பின்னால் இருக்கும் ஷெட்டில் யாரோ பூட்டை உடைத்து நுழைந்து, வாட்ச்மேன் டார்ச் அடித்ததும் ஓடிவிட்டார்கள். ஒன்றும் திருடு போகவில்லை. நேற்று இந்தக் கடிதம்.

"யார் எழுதினாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்," என்றார் பல் டாக்டர். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு, கோபம் மட்டும் ஏழடி. "ஓட்டாதேன்னு சொல்றதுக்கு எங்க வீட்டுலயே மூணு பேர் இருக்காங்க. இருபது வருஷமா அடுத்தவங்க வாயைப் பார்த்துக்கிட்டே என் காலம் போச்சு. பத்து மணிக்கு என் முறை. பத்து மணிக்கு நான் போறேன்."

"பிரேக்?"

"டிராக் மெக்கானிக் ரெண்டு தடவை பார்த்துட்டார். கல்லு மாதிரி நிக்குதாம். இன்னும் என்ன வேணும்? சீட்டைப் பாருங்க, எனக்கே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. வாங்கின அன்னிக்கு ஏறி உக்காந்தேன், கால் நேரா பெடல்ல போய் நின்னுது. ஒரு போல்ட்டைக்கூட நான் தொடல."

சர்வேயரம்மா காருக்குள் தலையை விட்டார். "முன்னால பின்னால தள்ற லீவர்?"

"ரேஸ் வண்டியில அதெல்லாம் கிடையாது. தரையோட போல்ட் போட்டு முறுக்கிடுவாங்க."

சர்வேயரம்மா பேனாவால் தரையைத் தட்டினார். பெடல் பக்கம் 'டங், டங்' என்றது. சீட்டுக்கு அடியில் 'தொப்' என்றது. சீட்டின் முன்விளிம்புக்குக் கீழே, கறுப்புப் பெயின்ட் அடித்த தரையில், காலியாக இரண்டு ஓட்டைகள். ஒன்றில் சுண்டு விரலை விட்டு எடுத்தார். நுனியில் சாம்பல் நிறம் ஒட்டியிருந்தது.

"இது என்ன ஓட்டை?"

"பழசுன்னா ஓட்டை இருக்கத்தான் செய்யும். என் பேஷன்ட் எல்லாருக்கும் இருக்கு."

புரோக்கருக்கு டாக்டரைப் பிடித்துப் போய்விட்டது. ஆனால் சிரிப்பதற்குள் சர்வேயரம்மா அவன் முதுகில் கை வைத்தார். "நீ ஏறி உக்காரு." அவன் நடுத்தர உயரம், நடுத்தரத் தொப்பை. ஒரு கால் போயிற்று, இடுப்பு பாதி போயிற்று, முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டி அங்கேயே நின்றது. வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"இது சீட்டா, எலிப்பொறியா மேடம்?"

சர்வேயரம்மா கொட்டகை வாசலில் நின்ற கொடிக்காரரிடம் போனார். டிராக்கில் எந்த வண்டி போகலாம், எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள் அவர். டாக்டரின் முறையைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டதற்கு அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டியை நிறுத்தணும்னா ஓனர் சொல்லணும். இல்லேன்னா அதைப் பந்தயத்துல ஓட்டினவர் வந்து, கோளாறுன்னு சொல்லணும். விதி அப்படி. வழியில போறவங்க சொல்றதுக்கெல்லாம் நிறுத்தினா, நான் இந்தக் கொடியைத் துண்டாப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"சரி, ஓட்டினவரையே கூட்டிட்டு வர்றேன்," என்றார் சர்வேயரம்மா.

சாம்பியன் வீட்டுக்குப் பதினைந்து நிமிஷம். புரோக்கரின் கார் மேட்டில் இருமியது, பள்ளத்தில் முனகியது. வழியெல்லாம் அவன் தன் கட்சியைப் பேசிக்கொண்டே வந்தான். "வித்தவனே திரும்பக் கேக்கறான்னா வண்டிக்குள்ள என்னமோ இருக்கு மேடம். வைரம். இல்லேன்னா தங்கம்." சர்வேயரம்மா சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டே வந்தார். துடைக்கவும் இல்லை.

கதவைத் திறந்த சாம்பியன் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றார். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். அவருக்குப் பின்னால் ஹால் முழுக்கப் பித்தளைக் கோப்பைகள். சுவரில் இரண்டு வகைப் படங்கள் மட்டும்: ஹெல்மெட் போட்டு வண்டிக்குள் இருக்கிற படம், ஹெல்மெட் இல்லாமல் கோப்பையோடு நிற்கிற படம். சோபாவில் பாதி விரித்த பேனர் ஒன்று கிடந்தது. 'ஆறு முறை சாம்பியனிடம் நேரடிப் பயிற்சி. டிரைவிங் ஸ்கூல் புதன்கிழமை திறப்பு.'

"டாக்டரோட ஆளுங்களா? வண்டியைத் திருப்பித் தர்றதா இருந்தா உள்ள வாங்க. இல்லேன்னா வந்த வழியே போங்க."

"தந்துடலாம்னுதான் இருக்காங்க," என்றார் சர்வேயரம்மா கூசாமல். "உயரம் பத்தல. கால் பெடலுக்கு எட்டவே மாட்டேங்குது. நீங்க வேற இவ்வளவு உயரம்."

புரோக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டான். பதினைந்து வருஷம் பொய் சொல்லிப் பிழைத்தவன், இவ்வளவு சுத்தமாக ஒரு தடவையும் சொன்னதில்லை.

சாம்பியனின் முகம் தளர்ந்தது. "எப்படி எட்டும்? ஆறு வருஷம் என் காலுக்குன்னே வெச்சிருந்த சீட்டு. நாலு போல்ட்டைக் கழட்டி, ஒரு ஜாண் முன்னால கொண்டு வந்து முறுக்கணும். அந்தப் பொம்பளைக்கு எதுக்கு இந்த வம்பு? வாங்கினதுக்கு மேலயே தர்றேன், குடுத்துடச் சொல்லுங்க."

"சொல்றேன். கொஞ்சம் கை கழுவிக்கலாமா? விரல்ல அழுக்கு." சர்வேயரம்மா சுண்டு விரலை நீட்டினார்.

சாம்பியன் அந்த விரலைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் வேறு ஆளாகிவிட்டார்.

"எங்க விட்ட இந்தக் கையை?"

"உங்க வண்டியிலதான்."

"வெளிய போ! ரெண்டு பேரும் வெளிய போங்க!" அவர் புரோக்கரின் சட்டையைப் பிடித்துத் தூக்க, அவன் கால் படியில் படாமலே வாசலுக்கு வந்து சேர்ந்தான். கதவு அறைந்து சாத்தப்பட்டது.

"மேடம், சாம்பியன் பெரிய புளுகன். எங்க சங்கத்துலகூட சேர்த்துக்க மாட்டாங்க," என்றான் காலரைத் தடவிக்கொண்டே. "சீட்டு அவர் காலுக்கு இருந்ததாம். டாக்டர் ஒரு போல்ட்டைக்கூடத் தொடலையே!"

"தரையில சீட்டுக்கு நாலே ஓட்டைதான் இருந்துது. அந்தக் காலி ஓட்டை ரெண்டும் முன்னால. ஒரு ஜாண் பின்னால வேற ஓட்டை கிடையாது. அந்த சீட்டு எந்தக் காலத்துலயும் நகர்ந்ததே இல்ல."

"அப்போ அதுல இவர் உக்காந்ததே இல்லையா? ஆறு கோப்பை?"

"உக்காந்தது யாருன்னுதான் பார்க்கப்போறோம். பின்னால வாஷிங் மெஷின் ஓடற சத்தம் கேக்குது. இப்படி வா." சர்வேயரம்மா வாசல் கேட்டுக்குப் போகாமல், வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நுழைந்தார்.

பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒல்லியாக, குட்டையாக ஒரு பெண் ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தாள். சாம்பியனின் மனைவி. மெஷினின் மேல் ஒரு கிண்ணம், துவைப்பதற்கு முன்னால் பைகளிலிருந்து எடுத்துப் போட்டவற்றோடு: சில்லறை, பேனா மூடி, ஒரு பித்தான். அவற்றோடு விரல் நீளத்தில் இரண்டு போல்ட்.

"யாரைக் கேட்டு வீட்டுக்குப் பின்னால வந்தீங்க? போங்க வெளிய," என்றாள் அவள்.

சர்வேயரம்மா போகவில்லை. கடிதத்தை மெஷின் மூடியில் விரித்துச் சுண்டு விரலை அதன் மேல் இழுத்தார். சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது. கிண்ணத்திலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து, அதன் மரையை அந்தக் கோட்டுக்குக் கீழே இழுத்தார். அதே நிறத்தில் இன்னொரு கோடு.

"ஈயம்," என்றார். "காகிதத்துல பென்சில் மாதிரி எழுதும். அந்த சீட்டுக்கு அடியில ஈயத் தகடு இருக்கு, தரை மாதிரியே பெயின்ட் அடிச்சு. எவ்வளவு எடை?"

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"நாப்பது கிலோ," என்றாள்.

"பார்த்தா அவர் தொண்ணூறு இருப்பார், நீங்க ஐம்பது."

"ஆமா."

புரோக்கரின் வாய் பிளந்தது. வைரம் போச்சு, தங்கம் போச்சு. வண்டிக்குள் ஒளித்து வைத்திருந்தது ஒரு புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் உள்ள எடை வித்தியாசத்தை.

அவள் மளமளவென்று சொன்னாள், யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்துத் தீர்ப்பது போல. பந்தயம் முடிந்ததும் ஆளோடு சேர்த்து வண்டியை எடை போடுவார்கள். இத்தனை கிலோவுக்குக் குறையக் கூடாது. வண்டியைக் கட்டினது சாம்பியனின் எடைக்கு. முதல் பந்தயத்துக்கு முந்தின பயிற்சியில், இந்த வண்டிக்குச் சீட்டு போடுவதற்கு முன்னாலேயே, அவர் வேறொரு வண்டியில் போய்ச் சுவரில் மோதினார். அடி ஒன்றும் இல்லை, ஆனால் அதற்கப்புறம் ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்கியது. விளம்பரதாரர்களோ அவர் முகத்தை ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்கள். 'ஒரே ஒரு பந்தயம் நீ ஓட்டிடு' என்றார். ஜன்னலில் வலை, தலையில் ஹெல்மெட், யாருக்குத் தெரியும்? ஓட்டி முடித்து, எடை போட்டு, ஹெல்மெட்டோடு அவள் வண்டியை ஏற்றி வந்த லாரிக்குள் போவாள். கோப்பை வாங்க அவர் வெளியே வருவார்.

"ஒரே ஒரு பந்தயம் ஆறு வருஷம் ஆச்சு. போன மாசம் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வண்டியை வித்துட்டார். கேட்டா, 'என் பேர்ல இருக்கற வண்டி'ங்கறார். வயிறு எரிஞ்சுது. 'சாட்சியையும் சேர்த்து வித்துட்டீங்க, தகடு உள்ளயே இருக்கு'ன்னு சொல்லிட்டேன். அதான் போய்ப் பூட்டை உடைச்சிருக்கார். வெள்ளிக்கிழமை துவைக்கும்போது பேன்ட் பையில இந்த ரெண்டும் இருந்துது. முன்பக்கத்து போல்ட்."

"பின்பக்கத்து ரெண்டு?"

"சீட்டைக் கழட்டாம கை போகாது. அந்த சீட்டை ஒரு நாளாவது கழட்டியிருந்தாத்தானே அவருக்குத் தெரியும்?"

"அந்த ரெண்டு தாங்குமா?"

"துருப்பிடிச்சுப் போன போல்ட். மெதுவா போனா தாங்கும். ரேஸ் மாதிரி ஒரு தடவை பிரேக்கை மிதிச்சா அறுந்துடும். நாப்பது கிலோவும் முன்னால வரும். முன்னால பெடல் இருக்கு, அவங்க கால் இருக்கு."

பிரேக் மிதிக்க இடம் இருக்காது. மிரட்டல் இல்லை, அளவு.

"இதை நேர்ல போய்ச் சொல்றதுக்கு என்னம்மா?" என்று புரோக்கர் எரிந்து விழுந்தான். "மொட்டைக் கடுதாசி போட்டா அந்த டாக்டர் கேக்கற ஆளா?"

"சொன்னா அவர் மட்டுமா மாட்டுவார்?" அவளும் அதே சூட்டோடு திருப்பினாள். "ஊரை ஏமாத்தினது நானும்தான். இனிமே ஒரு டிராக்லயும் என்னைக் கால் வைக்க விட மாட்டாங்க. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

மணி ஒன்பது நாற்பத்தெட்டு. டாக்டரின் போன் டிராக்கில் லாக்கருக்குள் இருந்தது. ஆபீஸ் நம்பரைப் புரோக்கர் மூன்று தடவை அடித்தான். அந்த இஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

"நாங்க போய்ச் சொன்னா நிறுத்த மாட்டாங்க," என்றார் சர்வேயரம்மா. "ஓட்டினவங்கதான் வரணுமாம். விதி."

அவள் கையைப் புடவையில் துடைத்தாள். போல்ட் இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். அதற்குள் பின்கதவு திறந்து சாம்பியன் வந்து நின்றார்.

"உள்ள போ. இவங்களை நான் பார்த்துக்கறேன்."

அவள் நகரவில்லை.

"உள்ள போடின்னா! புதன்கிழமை ஸ்கூல் திறக்கணும். நீ வாயைத் திறந்தா நாம ரெண்டு பேரும் தெருவுக்கு வந்துடுவோம்."

"தெருவுக்கு வந்தா எனக்கு ஓட்டத் தெரியும்," என்றாள் அவள். "உனக்குத்தான் தெரியாது."

கல்யாணமான நாளிலிருந்து வந்த 'நீங்க' அந்த இடத்தில் 'நீ' ஆனது. சாம்பியன் அந்த இரண்டு எழுத்துக் குறைச்சலில் திகைத்து நிற்க, அவள் புரோக்கரின் கையிலிருந்து கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு சந்தில் ஓடினாள்.

பதினைந்து நிமிஷ வழியை அவள் எட்டு நிமிஷத்தில் முடித்தாள். பின் சீட்டில் கிடந்த புரோக்கர் ஜன்னல் கம்பியையும் குலதெய்வத்தையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டான். தன் கார் இப்படியெல்லாம் திரும்பும் என்று அவனுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் அதிக விலை சொல்லியிருப்பான்.

"கிளட்ச் செத்துப் போச்சு. ரெண்டு மாசம் தாங்காது," என்றாள் அவள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"புத்தம் புது கிளட்ச்னு சொல்லித்தானேம்மா எனக்கு வித்தான்!"

டிராக்கில் நுழைந்தபோது டாக்டரின் கார் கொட்டகையிலிருந்து ஓடுபாதைக்குள் போகிற கோட்டில் உறுமிக்கொண்டு நின்றது. பெல்ட் இறுக்கி, ஹெல்மெட் மாட்டித் தயாராக இருந்தார். கொடிக்காரரின் கையில் பச்சைக் கொடி பாதி உயர்ந்திருந்தது. அவள் ஓடிப்போய் காரின் மூக்குக்கு முன்னால் நின்றாள்.

"யாரும்மா நீ? விலகு!" கொடிக்காரர் கத்தினார்.

"இந்த வண்டி போகக் கூடாது. நிறுத்துங்க."

"நீ ஓனரா?"

"இல்ல."

"பின்ன, ஓட்டினவரா?"

சுற்றிலும் முப்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் சாம்பியனோடு போட்டோ எடுத்துச் சட்டம் போட்டு வைத்திருப்பவர்கள். அவள் ஒரு தடவை அத்தனை முகத்தையும் பார்த்தாள்.

"ஆமா. ஆறு வருஷம், ஒவ்வொரு பந்தயமும். நான்தான் ஓட்டினேன்."

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். ஆனால் கொடி இறங்கிவிட்டது. டாக்டர் இஞ்சினை அணைத்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தார். "யார் இது? யாரைக் கேட்டு என் வண்டியை..." மீதியைச் சொல்ல முடியவில்லை. அவள் உள்ளே கைவிட்டு ஸ்டீயரிங்கைப் பாத்திர மூடி மாதிரி கழற்றி எடுத்தாள், பெல்ட்டை ஒரே தட்டில் விடுவித்தாள். பார்க்காமலே செய்தாள். சிரித்த ஆள் சிரிப்பை நிறுத்தினான்.

"டாக்டர், ரெண்டு காலுக்கும் நடுவுல, தரையில கை வையுங்க. அந்த விளிம்பைப் பிடிச்சு ஆட்டுங்க," என்றாள் அவள்.

டாக்டர் முறைத்துக்கொண்டே குனிந்து ஆட்டினார். தரை என்று நினைத்தது ஆடியது. இன்னொரு தடவை ஆட்டியபோது பின்னால் 'டக்' என்று ஒன்று அறுந்து, தகடு அரை ஜாண் நழுவி அவர் பூட்ஸில் வந்து இடித்தது. டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். அப்புறம் கொஞ்ச நேரம் அவர் யாரையும் திட்டவில்லை.

அந்த நேரத்தில்தான் சாம்பியன் இன்னொரு காரில் வந்து இறங்கினார். டிரைவர் ஓட்டி வந்தார். புகைப்படத்துச் சிரிப்பை முகத்தில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"மன்னிச்சுக்கோங்க. கொஞ்ச நாளா என் மனைவிக்கு மனசு சரியில்ல. ஏதேதோ உளர்றா. தகடு நான் வெச்சதுதான், வண்டி நிலையா நிக்கறதுக்கு. எடுக்க மறந்துட்டேன்."

கொடிக்காரர் குழம்பினார். அந்த ஆறு கோப்பையையும் தன் கையால் எடுத்துக் கொடுத்தவர் அவர். அவர் முகம் மெல்ல மெல்ல சாம்பியன் பக்கம் சாய்வதைப் புரோக்கர் பார்த்தான். சர்வேயரம்மா வாயைத் திறப்பதற்குள் அவன் முன்னால் வந்தான்.

"சாம்பியன் சார், எதுக்கு வீண் பேச்சு? எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. வண்டி மேல சந்தேகம்னா, ஓனரையே உக்கார வெச்சு ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுவோம். ஆறு வருஷம் உக்காந்த சீட்டுதானே? இன்னும் ஒரு நிமிஷம் உக்காருங்க."

"சீட்டை இந்த டாக்டர் பொம்பளை முன்னால நகர்த்தியிருக்கா."

"ஒரு போல்ட்டைக்கூட நான் தொடல," என்றார் டாக்டர். அவருக்குக் குரல் திரும்பிவிட்டிருந்தது.

"ஒரு ஜாண் பின்னால இருந்துதுன்னு காலையில சொன்னீங்க," என்றார் சர்வேயரம்மா. "அங்க ஒரு ஓட்டை காட்டுங்க, நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்றால் மானம் போகும். சாம்பியன் வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். குனிந்தார், இடுப்பைத் திணித்தார். ஸ்டீயரிங் இல்லாமலே முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது, தோள் மேல்கம்பியில் சிக்கியது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஒவ்வொரு போனாக உயர ஆரம்பித்தது.

"இடது தோளை முதல்ல வெளிய எடு," என்றாள் மனைவி. "அப்புறம் தலை. காலைக் கடைசியில எடுக்கணும்."

அவர் அவள் சொன்ன வரிசையிலேயே வெளியே வந்தார். கோட்டைத் தாண்டி, யாரையும் பார்க்காமல் நடந்து போனார்.

"வீடு பூரா பித்தளைக் கோப்பை," என்று புரோக்கர் சர்வேயரம்மாவின் காதோரம் சொன்னான். "ஈயத்தைப் பார்த்து இளிச்சதாம் பித்தளை. ஆனா ஒண்ணு மேடம், என் சர்வீஸ்ல முதல் தடவையா ஒரு விளம்பரத்துல பொய் இல்ல. ஒரே கைதான் ஓட்டியிருக்கு. அது அவர் கை இல்ல, அவர் பிடிச்ச கை."

சர்வேயரம்மா சிரித்துவிட்டு, உடனே இருமியதாகக் காட்டிக்கொண்டார்.

கொடிக்காரர் மேஜைக்குப் போய் அந்த வண்டியின் புத்தகத்தைத் திறந்தார். எந்தப் பந்தயத்தில் யார் ஓட்டினார்கள் என்று வரிசையாக எழுதிய புத்தகம். ஆறு வருஷமும் ஒரே பெயர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இதைத் திருத்தினா ஆறு கோப்பையும் ரத்தாயிடும். உங்களுக்கும் தடை வரும். எத்தனை வருஷம்னு கமிட்டிதான் சொல்லணும்."

"தெரியும். எழுதுங்க."

"பேரு?"

அவள் சொன்னாள். கொடிக்காரர் வழக்கமாக எழுதுகிறபடி முதலில் சாம்பியனின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டு, புள்ளி வைத்து, அவள் பெயரை ஆரம்பித்தார். அவள் புத்தகத்தின் மேல் விரலை வைத்தாள். உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்த போல்ட்டின் ஈயம் விரலெல்லாம் படிந்திருந்தது, பக்கத்தில் கோடு விழுந்தது.

"அந்த எழுத்து வேண்டாம். அது அவரோடது. எங்கப்பா எழுத்தைப் போடுங்க."

கொடிக்காரர் அதை அடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எழுதினார்.